மூன்று இடத்திலும் அணைத்த பிறகு

முதல் தாளில் தம்பியின் உதடு சாம்பல் நிறத்தில் வந்தது.

கணினித் திரையில் எவாரிஸ்தோ வெள்ளைச் சட்டை போட்டு, உதடு சிவக்கச் சிரித்துக்கொண்டிருந்தான். யுரிதியா தாளை ஜன்னலோரம் எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். அப்போதும் சாம்பல்தான். வெளியே ஹலாப்பா நகரத்தின் தெருவெங்கும் அன்னையர் தினப் பூ விற்கிறவர்களின் கூச்சல். அச்சகத்துக்குள் சூடேறிய மையின் வாசனை நெஞ்சை அடைத்தது. காணாமல்போன பிள்ளைகளின் அம்மாக்கள் பன்னிரண்டு மணிக்கு ஊர்வலம் கிளம்புவார்கள். எவாரிஸ்தோவைப் பதினான்கு மாதமாகத் தேடியும் துப்பில்லை. இன்றைக்கும் அம்மா பிணம்போன்ற ஒரு முகத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு நடந்தால் தாங்கமாட்டாள்.

முதலாளி தோன் கிரிசாந்தோ எட்டிப் பார்த்தார்.

“ஒண்ணு மேல ஒண்ணாத் திருத்துதும்மா அந்தச் சனியன். வண்ணத் திருத்தத்த மூணு எடத்துல அணைக்கணும்: படம் தொறக்குற எடத்துல, கம்ப்யூட்டர்ல, பிரிண்டர்ல. ஒண்ண விட்டாலும் வேலையக் காட்டிரும். மூணையும் அணைச்சிட்டா உள்ளது உள்ளபடி வரும். பூச்சு வேலையே கெடையாது.”

சொல்லிவிட்டுத் தன் அம்மாவுக்குக் கேக் வாங்கப் போய்விட்டார்.

முதல் இடத்தில் அணைத்தாள். பிரிண்டர் உருளைகள் முனகி இன்னொரு தாளைத் தள்ளின. உதட்டில் கொஞ்சம் ரத்த ஓட்டம் வந்திருந்தது. அப்பாடா என்று மூச்சுவிட்டவள் சட்டைக் காலரைப் பார்த்தாள். பழுப்பாக ஒரு கோடு. திரையில் அப்படி ஒன்றுமில்லை. மை கசிந்திருக்கும் என்று துணியால் உருளையைத் துடைத்தாள். துணி சுத்தமாகவே இருந்தது.

இரண்டாவது இடத்தில் அணைத்தாள். கன்னம் உயிரோடு இருப்பதுபோல் மின்னியது. ஆனால் பழுப்பு தாடை வரை ஏறியிருந்தது. அது கறை இல்லை. சின்னச் சின்னக் கல். அறுந்த வேர். ஈரமண்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. அதையும் அணைத்தால் சரியாகிவிடும், சரியாகியே தீரவேண்டும். மூன்றாவதையும் அணைத்தாள்.

வாய் மூடிப்போயிருந்தது. மண்ணால். சிரிப்பு இல்லை. படத்தில் கேமராவைப் பார்த்த கண்கள் இப்போது அவளைப் பார்த்தன.

“ஐயோ, வேணாம்டா... வேணாம்...”

மூன்றையும் மறுபடி போட்டாள். திரையில் ‘திருத்தம் இயங்குகிறது’ என்று வந்தது. பிரிண்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். அடுத்த தாளில் மண் மூக்கைத் தொட்டிருந்தது. பிரிண்டரின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்தாள். உருளைகளின் முனகல் மட்டும் நிற்கவில்லை.

அவள்தான் அவனை மூடிக்கொண்டிருக்கிறாள். தாள் தாளாக. அவள் கையாலேயே.

கதவு திறந்தது. அம்மா. கறுப்புச் சால்வை, காலில் நடைக்கான செருப்பு.

“என்னடி, முடிஞ்சுதா? எல்லாரும் முக்குல நிக்கிறாங்க.”

யுரிதியா தாள்களை மறைக்கப் பார்த்தாள். அம்மா கடைசித் தாளைப் பறித்துக்கொண்டாள். நெடுநேரம் பார்த்தாள். முகத்தில் ரத்தம் ஏறியது.

“கண்ணு தொறந்திருக்குடி! பாரு, என்னையே பாக்குறான். எம்புள்ள உசிரோட இருக்கான்! நான் சொன்னேன்ல?”

“அம்மா, அதக் கீழ வையி. உன் கால்ல விழுறேன்.”

“கொஞ்சம் மண்ணு அப்பியிருக்கு, அவ்வளவுதான். இன்னொண்ணு எடு. நல்லாத் தெளிவா எடு.”

“வேணாம்மா. இன்னொண்ணு எடுத்தா...”

அம்மா கேட்கவில்லை. சால்வை நுனியால் தாளைத் துடைத்துக்கொண்டே, இன்னொரு கையால் பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

தாள் மெதுவாக வெளியே வந்தது. கண் இல்லை. நெற்றி இல்லை. விளிம்பு முதல் விளிம்பு வரை ஈரமண். நடுவில் மட்டும் அந்த மண் மெல்ல எழும்பியது, தாழ்ந்தது. மறுபடி எழும்பியது.