கச்சான் நாளில் ஒரு கூட்டல்

நிப்றாஸ் மடிக்கணினியை மேசையில் வைத்தான். கதிரையில் உட்காராமலே கேட்டான்.

"கணக்குப் பிழையெண்டா எல்லா நாளும் பிழைக்கவேணும். ஒருநாள் மட்டும் பிழைச்சிட்டு, பிறகு தானாத் திருந்துமா ராத்தா?"

"முதல்ல இருங்க. தேத்தண்ணி குடியுங்க. பிறகு கதைப்பம்" என்றார், அவன் அக்காவாக மதிக்கும் ஸுல்பிகா.

திருகோணமலை உட்துறைமுக வீதியில், ஒரு மேல்மாடி அறைதான் ஸுல்பிகாவின் அலுவலகம். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு டிபக்கர்களைச் சோதித்துக் கொடுப்பது அவர் தொழில். ஓடுகிற புரோகிராமை நடுவழியில் நிறுத்தி, உள்ளே எந்த எண் எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவிதான் டிபக்கர். பிழை பிடிக்கும் கருவியிலேயே பிழை பிடிக்கிறவர் என்பதால், கணினி பொய் சொல்கிறது என்று சந்தேகப்பட்டவர்கள் எல்லாம் கடைசியில் அவரிடம்தான் வருவார்கள். கூட வேலை செய்யும் வினோதனோ, தேத்தண்ணி ஆறுவதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுகிற ஆள். பெரும்பாலும் தவறான ஆளை.

நிப்றாஸ் சொன்னது இதுதான். இறக்கக்கண்டி மீனவர் சங்கத்துக்கு அவன் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தான். எஞ்சின் நின்றுபோன படகு எந்தப் பக்கம் மிதந்து போயிருக்கும் என்று அது சொல்லும். ஆவணி மாதம் ஒரு நாள், விடிந்ததும், அவன் மனைவி றிஷானாவின் மூத்த சகோதரன் ஸெய்னுதீன் கடலிலிருந்து ஒரே ஒரு தடவை போன் எடுத்தார். எஞ்சின் நின்றுவிட்டது என்றார், இருக்கும் இடத்தைச் சொன்னார். பிறகு போனும் செத்துவிட்டது. நிப்றாஸ் தேடுகிற படகில் ஏறினான். சங்கத்துக் கணினியில் உட்கார்ந்தது றிஷானாவின் தம்பி அர்ஷாக். அவன் அனுப்பிய கணக்கின்படி ஆறு படகுகள் கிழக்கே ஆழ்கடலுக்குப் போயின. மூன்று நாள் தேடின.

"நாலாம் நாள் மச்சான்ட படகு வடக்கே, புல்மோட்டைக்குப் போற வழியில கிடந்தது. வலை கடலடிக் கல்லுப்பாரில சிக்கிக் கிடந்தது. மூண்டாம் நாள் வரைக்கும் உசிரோட இருந்திருக்கார் எண்டு டொக்டர் சொன்னார்." "சங்கத்தில எல்லாரும் என்னைத்தான் சொல்றாங்க. நானும் என்னைத்தான் சொன்னனான். ஆனா அதே எண்களைக் குடுத்து இப்ப ஓட்டினா சரியான இடத்தைக் காட்டுது. பாருங்க."

திரையில் ஒரு வரி வந்தது: வடக்கே 10 மைல், கிழக்கே 2 மைல், சுற்றிலும் 3 மைல் தேடவும்.

"யாரோ பிறகு திருத்தியிருக்கிறாங்க!" என்றான் வினோதன்.

"கோப்பில கைவைச்ச கடைசித் தேதி பங்குனி மாசம்" என்றார் ஸுல்பிகா, திரையைப் பார்த்தபடி. "மேற்கால அடிக்கிற கச்சான் காற்று கிழக்கேதானே தள்ளும்? இது வடக்கெண்டு சொல்லுதே?"

"எங்கட ஆக்கள் எஞ்சின் நிண்டா வலையை ஏத்தமாட்டாங்க. படகிட முன்பக்கத்தில கட்டிக் கடல்லயே விட்டிருவாங்க. அது படகைப் பிடிச்சு வைக்கும். காத்தால பெரிசாத் தள்ள ஏலாது, வடக்கே போற நீரோட்டத்தோடதான் படகு போகும். மச்சானும் வலை கட்டியிருக்கெண்டு போனில சொன்னவர். அதுக்காகத்தான் கூட்டல் குறிக்கே நான் புது அர்த்தம் குடுத்தனான். நீரோட்டத்தையும் காத்தையும் கூட்டச் சொன்னா, வலை கிடக்கா எண்டு பார்க்கும். கிடந்தா காத்தில பத்தில ஒரு பங்கை மட்டும் எடுக்கும்."

"அர்ஷாக் அனுப்பின செய்தி இருக்கா?"

இருந்தது. அதைப் போனிலிருந்து அழிக்க நிப்றாஸுக்கு மனம் வந்திருக்கவில்லை. 'கிழக்கு 20.000000 வடக்கு 10.000000. கெதியாப் போங்க மச்சான்.'

ஸுல்பிகா அந்த வரியை நெடுநேரம் பார்த்தார்.

"வீட்டில எப்படி?"

"றிஷானா உம்மா வீட்டுக்குப் போயிட்டா. நாற்பதாம் நாள் கத்தம் முடிஞ்சும் வரல்ல. என்னோட கதையில்லை. பகலைக்குச் சோறு மட்டும் ஆள்விட்டு அனுப்புறா." அவன் கண் கலங்கியது. "எங்க பிழைச்சனான் எண்டு தெரிஞ்சா, அதையாவது அவட்டப் போய்ச் சொல்லலாம் ராத்தா. வேற ஒண்டும் வேணாம்."

அவன் படியிறங்கியதும் வினோதன் பொறுக்கமாட்டாமல், "அர்ஷாக்தான் அக்கா! வேணுமெண்டே பொய்க் கணக்கு அனுப்பியிருக்கிறான்" என்றான்.

"கூடப்பிறந்த மூத்த காக்காவையா? இல்லை. அவன் அனுப்பினது பொய்யில்லை வினோதன். அவன் கண்ணால பார்த்த எண்தான்."

அடுத்த நாள் இறக்கக்கண்டி சங்க அறையில் நான்கு பேரை இருத்தினார் ஸுல்பிகா. நிப்றாஸ் ஒரு மூலையில். றிஷானா எதிர் மூலையில், முக்காட்டை இழுத்துவிட்டபடி. கணினிக்கு முன்னால் அர்ஷாக். வினோதன் கதவடியில், குற்றவாளி ஓடிவிடுவான் என்பதுபோல.

"அர்ஷாக், எண்ணெல்லாம் அண்டைக்குப் போட்டதுதான். அண்டைக்குச் செய்த மாதிரியே செய்யுங்க. இந்தப் புரோகிராம் ஒருநாளும் ஆறு பூச்சியம் எழுதாது. முழு மைலாத்தான் சொல்லும், எவ்வளவு சுற்றித் தேடவேணும் எண்டும் சொல்லும். உங்கட செய்தியில சுற்றித் தேடுற தூரம் இல்லை, பூச்சியம் இருக்கு. அந்த எண் வேற இடத்தால வந்தது."

அர்ஷாக்கின் கை தானாகவே விசைகளைத் தேடிப் போனது. டிபக்கரைத் திறந்தான், புரோகிராமை நடுவில் நிறுத்தினான், 'நீரோட்டம் + காற்று' என்று அடித்தான். கிழக்கு 20.000000, வடக்கு 10.000000.

"நான் சோதிக்கிற பட்டியல்ல இப்படி ஒரு வரி இருக்கு" என்றார் ஸுல்பிகா மெதுவாக. "எழுதினவர் கூட்டல் குறிக்குத் தன்ட அர்த்தத்தைக் குடுத்திருந்தா, டிபக்கர் அதை மதிக்குதா? இந்த டிபக்கர் மதிக்கல்ல. நிப்றாஸ் எழுதின கூட்டலைக் கூப்பிடாம, பள்ளிக்கூடக் கூட்டலைக் கூட்டிப்போட்டுது. வலையை அது பார்க்கவே இல்லை. பிழையெண்டும் ஒரு சொல் சொல்லல்ல. இப்ப நிறுத்தாம ஓட்டுங்க."

அர்ஷாக் ஓட்டினான். வடக்கே 10 மைல், கிழக்கே 2 மைல், சுற்றிலும் 3 மைல் தேடவும்.

"அண்டைக்கும் முதல்ல இதுதானே வந்தது?"

"ஓம்." அர்ஷாக் திரையைப் பார்த்தபடியே சொன்னான். "கரையில நிண்ட அவ்வளவு பேரும், கச்சான் அடிக்கிற நாளில படகு கிழக்கதான் போகும் எண்டு கத்தினாங்க. எனக்குப் பயம். உள்ளுக்குப் பார்த்தன். உள்ளயும் கிழக்கு எண்டிச்சு. உள்ள இருக்கிறதுதானே உண்மை எண்டு நினைச்சன்."

"சந்தேகம் வந்தா உள்ள பாரு எண்டு நான்தான் சொல்லிக்குடுத்தனான்" என்றான் நிப்றாஸ். "உள்ள என்ட கூட்டல் ஓடுதா எண்டு நான் ஒருநாளும் பார்க்கல்ல."

"அது பொறுக்கக்கூடிய பிழை" என்றார் ஸுல்பிகா. "ஆனா நாலாம் நாள் படகு வடக்க கிடந்ததே அர்ஷாக். முதல்ல வந்ததுதான் சரியெண்டு அப்பவே உங்களுக்குத் தெரியும். பிறகு ஏன் வாயைத் திறக்கல்ல?"

பதில் எதிர் மூலையிலிருந்து வந்தது.

"அவன் எனக்காகத்தான் பேசாம இருக்கான்." றிஷானா எழுந்து நின்றாள். "முதல் கணக்கு வந்தநேரம் நான் அவனுக்குப் பக்கத்தில நிண்டனான். வடக்கா, உனக்குப் பைத்தியமா, திருப்பிப் பாரு எண்டு கையைப் பிடிச்சு இழுத்தது நான். என்ட காக்கா கிட்டத்திலேயே கிடந்தார். நான்தான் ஆறு படகையும் தூரத்துக்கு அனுப்பிட்டன்."

வினோதன் கதவை விட்டு விலகி நின்றான்.

நிப்றாஸ் அவளையே பார்த்தான். "என்னோட கோவத்தில போனாய் எண்டு நினைச்சனே."

"கோபத்தில போன பொம்பிள சோறு அனுப்பமாட்டா" என்றார் ஸுல்பிகா. இதைச் சொல்லும்போது அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

"நீங்க சரியாத்தான் எழுதியிருந்தீங்க" என்றாள் றிஷானா. "ஊர் உங்களை ஏசிச்சு. நான் கேட்டுக்கொண்டு இருந்தன். பிறகு எந்த முகத்தோட உங்களுக்கு முன்னால வந்து நிப்பன்?" அதற்குமேல் அவளால் முடியவில்லை. அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை அது.

அர்ஷாக் மறுபடியும் ஓட்டினான். வடக்கே 10 மைல், கிழக்கே 2 மைல். இன்னொரு தடவை ஓட்டினான். அதே பதில். எத்தனை தடவை கேட்டாலும் அது அதையேதான் சொல்லும். அன்றைக்கும் அதையேதான் சொன்னது.

நிப்றாஸ் போய்க் கணினியின் மூடியை மெல்லச் சாத்தினான். மைத்துனனின் தோளில் கையை வைத்தான். பிறகு மனைவியிடம் திரும்பினான்.

"நாளைக்கு ஆள்விட வேணாம்" என்றான். "சோத்தை நீயே கொண்டு வா."