முதல் வாய்ப் பொங்கல்

சுங்கைப் பட்டாணியில் மாட்டு டாக்டர் ஜெரார்ட் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தபோது இராசாத்தி அழுதபடி உள்ளே வந்தாள். செமிலிங் பக்கத்துத் தோட்டத்தில் ஒன்பது மாடுகள் படுத்துவிட்டன. நன்றாக நிற்பது அவள் புருஷன் பிச்சையின் மாடு ஒன்றுதான். அது போதாதா? விஷம் வைத்தது அவனே, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கையாள் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அழகேசன் புகார் எழுதி வைத்துவிட்டார். பன்னிரண்டு மணிக்குப் போலீஸ் லாரி வரும். மலாயாவின் அந்த அவசரகாலத்தில் போலீஸ் லாரியில் ஏறியவன் எப்போது திரும்புவான் என்று யாருக்கும் தெரியாது.

ஜெரார்ட் நுண்ணோக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். தோட்டத்துக் காவல்காரன் மனோகரன் துப்பாக்கியும் கையுமாக அவரோடு ஒட்டிக்கொண்டான்.

"அண்ணே, பிச்சை வாளிய மோந்து பார்த்தேன். சந்தேகமா இருக்குலா!"

"என்ன வாசனை?"

"பால் வாசனை."

"பால்காரன் வாளிதானே, தம்பி?"

மாடுகளின் வாயெல்லாம் புண். ஜெரார்ட் ரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு விசாரித்தார். கிராணியின் புது மாடு மாட்டுப் பொங்கலன்று மாலையே படுத்ததாம். மற்ற எட்டும் ஒரு வாரம் கழித்து, ஒருசேர. முதல் வாய்ப் பொங்கல் யார் மாட்டுக்கு என்று கிராணியோடு சண்டை போட்ட பிச்சை, கோபித்துக்கொண்டு தன் மாட்டுக்கு ஒரு வாய்கூட ஊட்டாமல் அப்போதே ஓட்டிப்போய்விட்டானாம்.

பதினொன்றரைக்கு ஆபீஸ் வாசலில் எல்லாரும் கூடினார்கள்.

"விஷமில்ல, மாட்டுக்கு மாடு தொத்தற வெக்கை நோய்," என்றார் ஜெரார்ட். "ரத்தத்துல காவலுக்கு இருக்கற வெள்ளை அணுக்களையே காணோம். மத்த கிருமிங்க காவல்காரன் கண்ணுல படாம ஒளியும். இந்த வைரஸ் காவல்காரன் உள்ளயே குடியேறி, அங்கேயே பெருகி, அவனையே சாகடிச்சிடும். அப்புறம் உடம்புல சும்மா கிடந்த பழைய நோயெல்லாம் எழுந்து ஆட்டம் போடும்."

மனோகரன் அவசரமாகத் தொப்பியைச் சரிசெய்தான். "நான் நல்லாத்தான் இருக்கேண்ணே."

"விஷம்னா ஒரு வாரம் காத்திருக்காது. அரிசிக் கட்டுப்பாட்டால இந்த வருஷம் லயத்து வீடுங்க எல்லாத்துக்குமே ஒரு பானை, ஒரு தாம்பாளம். கிராணி மாடு எச்சில் பண்ணின தாம்பாளம் எட்டுக் கொட்டகைக்கும் போச்சு. 'நோவும் பிணியும் தெருவோட போக'ன்னு பாடிக்கிட்டே கொண்டு போயிருக்கீங்க. கிராணியாரே, புது மாடு எங்க வாங்கினீங்க?"

அழகேசன் தரையைப் பார்த்தார். "சியாம் எல்லையில. மலிவா கொடுத்தான்."

"சோதனைச் சீட்டு?"

வாசலில் லாரி வந்து நின்றது. அழகேசன் தாம் எழுதிய புகாரைத் தாமே கிழித்தார். இராசாத்தி புருஷனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பிச்சை கண்ணைத் துடைத்துக்கொண்டு கிராணியைக் கும்பிட்டான்.

"ஐயா, இனி வருஷா வருஷம் முதல் வாய் உங்க மாட்டுக்கே இருக்கட்டும்."