கருங்கல்லின் கடைசிப் பாட்டு

"உள்ள போகாதீங்க... ரெக்கார்டிங் நடக்குது!"

மழையில் நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டிருந்த ஷர்மிளா நிமிர்ந்தாள். இரும்புலியூர் ஸ்டுடியோவின் கதவை மறித்து உயரமாய் ஒருவன். தூக்கம் தொலைத்த கண்கள்... ஆனால் என்ன கண்கள்!

'சீ, சண்டை போட வேண்டிய இடத்தில் கண்ணையா பார்ப்பாய்?'

"இது என் டைம் சார். சிறுசேரி ஆபீஸ்ல லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். விளம்பரத்துக்கு வாய்ஸ் டெஸ்ட். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அனுப்பலைன்னா சான்ஸ் போயிடும்."

"ஒரே பாட்டுதாங்க... ப்ளீஸ்."

"உங்களுக்குப் பாட்டு, எனக்கு வாழ்க்கை!"

ஸ்டுடியோக்காரர் தீனா தலையைச் சொறிந்தார். "கரண்டு போயிப் போயி வந்துச்சும்மா, அதான் லேட்டு. கருங்கல் பேண்டு தெரியும்ல? நம்ம தாம்பரத்துல ராக் மியூசிக்குன்னா அவங்கதான். ரொம்ப வருசம் கழிச்சு ஆல்பம் பண்றாங்க. இவரு ஜோஸ்வின், பாடற ஃபிரெடி சாரோட பையன்."

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளே கிட்டார் இடித்தது. அதன் மேல் ஒரு குரல் ஏறியது... கரகரத்து, உடைந்து, உடைந்த இடத்திலிருந்தே மறுபடி எழும் குரல். ஷர்மிளாவுக்குச் சிலிர்த்தது.

சட்டென்று இருமல். பாட்டு நின்றது. ஜோஸ்வின் உள்ளே ஓடினான்.

"நாளைக்குத் தொண்டையில ஆபரேசன்," தீனா கிசுகிசுத்தார். "அப்பால பாட முடியுமோ, முடியாதோ... யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு ஃபிரெடி சார் ஆர்டரு."

ஷர்மிளா கடிகாரத்தைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அப்பால், நரைத்த முடியைக் குடுமியாகக் கட்டிய அந்த மனிதர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி மைக்கைப் பிடித்தார்.

"அவர் முடிக்கட்டும்ணா," என்றாள்.

பாட்டு முடிந்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. யாரிடமும் சொல்லாமல் அவள் நழுவினாள்.

பஸ் ஸ்டாப்பில் ஜோஸ்வின் மூச்சிரைக்க வந்து நின்றான். குடை இல்லை.

"தீனா அண்ணன் எல்லாம் சொன்னாரு. பரிதாபப்பட்டு விட்டுக் கொடுத்தீங்களா? அது எங்கப்பாவுக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது."

சுர்ரென்று கோபம் வந்தது அவளுக்கு. "பரிதாபம்னா அப்பவே கிளம்பியிருப்பேன். கடைசி வரைக்கும் ஏன் நின்னேன்னு யோசிச்சீங்களா?"

"...ஏன்?"

"அந்தக் குரலை விட்டுட்டு வர முடியல. அப்புறம்..." பார்வையை மழைக்குத் திருப்பினாள். "அவர் பாடப் பாட நீங்களும் ஒவ்வொரு வரிக்கும் வாயசைச்சீங்க. கண்ணுல தண்ணி வேற. அதைப் பார்த்துட்டேன். பார்க்காம இருந்திருக்கலாம்..."

அவள் ஏற வேண்டிய பஸ் வந்தது, நின்றது, போனது. இருவருமே கவனிக்கவில்லை.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில என்னால ஒரு இடத்துல உக்கார முடியாதுங்க," என்றான் மெதுவாக. "அப்பா கண்ணு முழிக்கறவரைக்கும் நீங்க கூட இருந்தா... கேக்க எனக்கு உரிமையில்ல. ஆனா உங்களைப் பிடிச்சிருக்கு. பைத்தியக்காரத்தனம்தான்... பிடிச்சிருக்கு."

அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள்.

"அங்க யாராவது நான் யாருன்னு கேட்டா?"

"நீங்க என்ன சொல்லச் சொல்றீங்களோ, அதை."

"'எனக்குப் பிடிச்ச பொண்ணு'ன்னு சொல்லுங்க," என்றவள், அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் தலை குனிந்தாள். "'அவளுக்கும் என்னைப் பிடிச்சிருக்கு'ன்னு... சேர்த்தே சொல்லிடுங்க."