கிழவனுக்கு மூன்று முருகா

சாருஜாவுக்குக் கோபம். வந்த வேகத்தில் போய்விடுகிற கோபம் அல்ல. வசந்த காலத்தில் பள்ளிக்கூட முகாம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று தொடங்கிய கோபம், செர்ரிப் பழக் காலம் போய் ஆப்பிள் காலம் வந்த பிறகும் ஆறவில்லை.

அன்று முதுகுப் பையோடு அவள் வந்து பார்த்தபோது, பீல் நகரில் அவர்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் பின்னால் கிழவன் இல்லை. கிழவன் நிற்கும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புதுக் கார் நின்றது.

கிழவன் என்பது ஆள் அல்ல, கார்தான். சிவப்பு நிறம், சதுர உடம்பு, உருண்டைக் கண்கள். சாருஜாவின் அப்பா ஜெகதீஸ்வரன் யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸுக்கு வந்து, கைக்கடிகார உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, முதன்முதலாக வாங்கிய கார் அது. வாங்கும்போதே அதற்கு வயது போயிருந்தது. பிறந்த சாருஜாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதுதான். அது பெற்றோல் குடிக்கிற குடிக்கு ஒரு குடும்பத்தையே வளர்க்கலாம் என்று அம்மா பிரபாலினி எப்போதும் திட்டுவாள். கிழவன் என்று பெயர் வைத்ததும் அம்மாதான்.

கிழவனை ஓடவைக்க ஒரு பக்குவம் வேண்டும். சாவித் துவாரத்தில் திறப்பைப் போட்டுப் பாதி மட்டும் திருப்ப வேண்டும். உடனே பின்பக்கம் பெற்றோல் பம்பிலிருந்து 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது அடங்கும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் திறப்பை முழுதாகத் திருப்ப வேண்டும். காலால் பெடலைத் தொடவே கூடாது. அவசரப்பட்டால் கிழவன் அளவுக்கு மிஞ்சிப் பெற்றோல் குடித்துவிட்டு மூச்சுப் பேச்சில்லாமல் கிடப்பான்.

அப்பா அவசரக்காரர். அதனால் தன்னைத்தானே பிடித்து நிறுத்த, "முருகா... முருகா... முருகா..." என்று ஆறுதலாக மூன்று தரம் சொல்லுவார். மூன்றாவது முருகாவோடு சத்தமும் அடங்கும். சின்ன வயதில் சாருஜா, இயந்திரத்துக்குள்ளே முருகன்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நம்பினாள். வளர்ந்து விஷயம் தெரிந்த பிறகும் பின்சீட்டிலிருந்து கூடவே சொல்லுவாள்.

அந்தக் கிழவனைத்தான் அப்பா விற்றுவிட்டார். வாகனப் பரிசோதனையில் பிரேக் சரியில்லை, அடித்தகடு துருப்பிடித்துவிட்டது என்று சொன்னார்களாம். அடுத்த நாள் கார்க் கண்ணாடி இடுக்கில், 'உங்கள் பழைய காரை வாங்குகிறோம்' என்று யாரோ ஒரு வியாபாரி அட்டை செருகிவிட்டுப் போயிருந்தானாம். அப்பா அந்த எண்ணுக்கு அழைத்துவிட்டார்.

"ஏன் என்னைக் கேக்கேல்லை?" என்றாள் சாருஜா.

"பத்து வயசுப் பிள்ளையிட்டைக் கேட்டோ கார் விக்கிறது?"

எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது போலாயிற்று. அன்றிலிருந்து அவள் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போனாள். புதுக் காரில் ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் பின்சீட்டில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தாள். அதன் கண்ணாடியை இறக்கச் சுற்றுகிற கைப்பிடிகூட இல்லை, ஒரு பொத்தான்தான். கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்க வேண்டும் என்று அப்பா கூப்பிட்டார். வரமாட்டேன் என்றாள். அவள் இல்லாமல் பூசை செய்ய அப்பாவுக்கு மனம் வரவில்லை. அதற்கென்று வாங்கிய தேசிக்காய்கள் குளிர்பெட்டியில் கிடந்து சுருங்கிப் போயின.

வேடிக்கை என்னவென்றால், கொஞ்ச நாளில் அப்பாவும் கோபக்காரராகிவிட்டார். வேலை முடிந்து வந்ததும் கைபேசியைத் திறந்து, கிழவனைப் போல ஒரு கார் விலைக்கு வருகிறதா என்று தேடுவார். வந்தது, ஆனால் யானை விலை, குதிரை விலை. கார் பழசானால் விலை குறையும், இன்னும் பழசானால் விலை ஏறும். இந்தக் கணக்கு அப்பாவுக்கு விற்ற பிறகுதான் விளங்கியது. தன்மேல் வந்த கோபத்தை அவர் சோற்றின்மேலும் கறியின்மேலும் காட்டினார்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்," என்று அம்மா சொன்னாள். அவளுக்கும் கோபம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் பழைய கார்கள் கூடுகின்றன என்று அப்பாவுக்குத் தெரியவந்தது. அம்மா உருளைக்கிழங்கு வைத்து உருட்டிய ரோல்ஸ் பொரித்து டப்பாவில் அடைத்தாள். மூவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு புதுக் காரில் போனார்கள்.

அங்கே, பொப்லார் மரத்தின் கீழே, பளபளவென்று கிழவன் நின்றான்.

சாருஜா ஓடிப்போய்க் கண்ணாடியூடாக எட்டிப் பார்த்தாள். முன்பக்கத் தட்டில் மஞ்சளாக ஒரு வட்டம். கோயில் ஐயர் வைத்த சந்தனம் வெயிலில் காய்ந்து ஊறிப்போன கறை அது. காருக்கு முழுதாகப் புது வர்ணம் அடித்தவர்களால் அந்தக் கறையை மட்டும் போக்க முடியவில்லை.

"இது எங்கள் கார்," என்று அப்பா ஜெர்மனில் சொன்னார்.

"இல்லை, இது என்னுடைய கார்," என்று பக்கத்தில் மடக்கு நாற்காலியில் இருந்த வயதானவர் எழுந்தார். வைக்கோல் தொப்பி போட்ட அவருடைய பெயர் ஏபி. பக்கத்து ஊரான நீடாவில் பூச்செடிக் கடை வைத்திருக்கிறாராம். ஒரு பாதிரியாரின் விதவை ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்துக்கு மட்டும் ஓட்டிய கார் என்று சொல்லித்தான் வியாபாரி அவருக்கு விற்றானாம்.

"தேவாலயமோ?" என்று அம்மா தமிழில் முணுமுணுத்தாள். "மீன்கடைக்குப் போய்வந்த கார்."

பிறகு ஏபி தான் கொடுத்த விலையைச் சொன்னார். அப்பாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. அப்பா கிழவனை விற்ற காசுக்கு ஒரு நல்ல சைக்கிள்தான் வாங்கலாம். ஏபி கொடுத்த காசுக்கு அவர்களுடைய புதுக் காரைப் போல இன்னொன்றே வாங்கலாம். வியாபாரி இரண்டு பேரையும் ஏமாற்றியிருக்கிறான் என்று தெரிந்ததும் ஏபிக்கும் கோபம் வந்துவிட்டது. அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

மாலையானதும் மற்றக் கார்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஏபியும் ஏறி உட்கார்ந்து திறப்பைத் திருப்பினார். கிழவன் இருமினான், தும்மினான், அடங்கினான். ஏபி பெடலை மிதி மிதியென்று மிதித்தார். பெற்றோல் மணம் மூக்கில் ஏறியது.

அப்பா சாருஜாவின் பக்கம் குனிந்தார். "வாய் திறக்காதை," என்றார் மெல்ல.

"ஓம்," என்றாள் சாருஜா. பல மாதங்களுக்குப் பிறகு அப்பாவும் மகளும் ஒத்துப்போனது இதில்தான். நல்லா வேணும் என்று அவள் மனதுக்குள் நினைத்தாள். கிழவனுக்கு யார் தன்னுடைய ஆள் என்று தெரியும்.

ஏபி இறங்கிக் கதவை அடித்துச் சாத்தினார். வாங்கிய நாளிலிருந்து இதே தொல்லை, பத்து முறைக்கு ஒரு முறைதான் ஓடுகிறது, எந்த மெக்கானிக்குக்கும் காரணம் பிடிபடவில்லை என்று பொரிந்து தள்ளினார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"உங்களுக்கு வேண்டுமா? நான் கொடுத்ததில் பாதி கொடுங்கள். நாளைக்கே இழுத்துக்கொண்டு போங்கள். எனக்கு அலுத்துவிட்டது."

அப்பாவின் கண்கள் மின்னின. பாதி என்றாலும் பெரிய காசுதான், ஆனால் எட்டாத காசு அல்ல. அம்மாகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. கிழவன் வீட்டுக்கு வரப்போகிறான். சாருஜா செய்ய வேண்டியது ஒன்றுதான். பேசாமல் இருப்பது.

பாவம் என்று அம்மா ஏபிக்கு ஒரு ரோல்ஸ் நீட்டினாள். அவர் அதைக் கடித்துக்கொண்டு புல்தரையில் உட்கார்ந்தார்.

"என் அப்பாவிடம் இதே கார் இருந்தது," என்றார். "இதே சிவப்பு. பின்சீட்டில் இடதுபக்க ஜன்னல் என்னுடையது. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தேன், கார் இல்லை. விற்றுவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை." அவர் தொப்பியைப் புல்லில் எறிந்தார். "எனக்கு இப்போது எழுபதாகப் போகிறது. இன்னும் கோபம் வருகிறது. அதனால்தான் இவ்வளவு காசைக் கொட்டி இதை வாங்கினேன்."

சாருஜா அப்பாவைப் பார்த்தாள். அப்பா குனிந்து தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார்.

இடதுபக்க ஜன்னல் சாருஜாவினுடையதும்தான். இந்த மனிதர் அவளுடைய கோபத்தை அப்படியே இத்தனை வயது வரைக்கும் வைத்திருக்கிறார். கிழவனை அவரிடமிருந்து பாதி விலைக்கு வாங்கிப் போனால், நாளை அவருடைய வீட்டு வாசலில்தான் வெற்றிடம் இருக்கும். ஏரிக்கரை என்றும் பாராமல் அவளுக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. அப்பாமேல் கோபம், அந்த வியாபாரிமேல் கோபம், தன் கோபத்தையே தனக்குத் திருப்பிக் காட்டிய இந்தத் தாத்தாமேலும் கோபம்.

ஏபி எழுந்து, தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் காரில் ஏறினார். மறுபடியும் பெடலை மிதித்தார்.

"மிதியாதேங்கோ!" என்று தமிழில் கத்திவிட்டாள் சாருஜா. பிறகு ஜெர்மனில் தொடர்ந்தாள். "அதை ஏன் இப்படி வதைக்கிறீர்கள்? பெற்றோலில் மூழ்கிப்போய்க் கிடக்கிறது. கொஞ்ச நேரம் விடுங்கள். காலை எடுங்கள்."

"சாரு..." என்றார் அப்பா.

"நான் சொல்லப்போறன் அப்பா," என்றாள் சாருஜா. கண்ணில் நீர் முட்டினாலும் குரல் உறுதியாக இருந்தது.

அப்பா தலையை ஆட்டி, "சரி, சொல்லு," என்றார்.

ரோல்ஸ் டப்பா காலியாகும்வரை கிழவனை ஆறவிட்டார்கள். பிறகு சாருஜா முன்சீட்டில் ஏபியின் பக்கத்தில் உட்கார்ந்து பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்தாள். பாதித் திறப்பு, பின்னால் வரும் சத்தம், பெடலில் படாத கால், மூன்று முருகா.

"அந்தச் சொல்லைக் கட்டாயம் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார் ஏபி.

பொறுத்திருந்தால் போதும் என்று சாருஜாவுக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு பெரிய கிழவனைச் சும்மா விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"ஆமாம். சொல்லத்தான் வேண்டும்," என்றாள் கண்டிப்பாக.

ஏபி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். திறப்பைப் பாதி திருப்பினார். "மூர்-உகா... மூர்-உகா... மூர்-உகா..." என்றார். டிக் டிக் சத்தம் அடங்கியது. திறப்பை முழுதாகத் திருப்பினார்.

கிழவன் ஒருமுறை இருமிவிட்டு உறுமினான். வெளியே அம்மா கைதட்டினாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டாள்.

ஏபி உடனே கிளம்பவில்லை. சாருஜாவைப் பின்சீட்டில் இடதுபக்கம் ஏறச் சொல்லி, ஏரிக்கரையை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விட்டார். அவள் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். எப்போது வேண்டுமானாலும் பூக்கடைக்கு வரலாம், அந்த இடம் அவளுக்கென்று இருக்கும் என்று ஏபி சொல்லிவிட்டுப் போனார். சிவப்பு நிறம் வளைவில் திரும்பி மறையும்வரை மூவரும் நின்றார்கள்.

"பாதி விலைக்கு வந்த காரை வழியனுப்பிப்போட்டு நிக்கிறம்," என்றார் அப்பா. கோபமாகத்தான் சொன்னார். கொஞ்சம் நடந்த பிறகு, "உன்னைக் கேட்டிருக்க வேணும் பிள்ளை," என்றார். அதையும் கோபமாகத்தான் சொன்னார்.

புதுக் காருக்கு அருகே வந்ததும் சாருஜா பின்கதவை விட்டுவிட்டு முன்கதவைத் திறந்தாள். அம்மா பின்னால் ஏறிக்கொண்டாள்.

அப்பா பொத்தானை அமத்தினார். சத்தமே இல்லாமல் விளக்குகள் எரிந்தன.

"நிப்பாட்டுங்கோ," என்றாள் சாருஜா. "நீங்கள் சொல்லேல்லை."

"இதுக்குத் தேவையில்லையே பிள்ளை."

"சொல்லுங்கோ. பிறகு கோயிலடிக்குப் போவம். வழியிலை புதுத் தேசிக்காய் வாங்க வேணும்."

அப்பா காரை நிறுத்தினார். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து, ஆறுதலாக மூன்று தரம் சொன்னார். சாருஜாவும் கூடவே சொன்னாள். மூன்றாவது முருகாவுக்கு, பெற்றோல் கணக்குப் பார்க்கிற அம்மாவின் குரலும் பின்னாலிருந்து சேர்ந்துகொண்டது.