பன்னிரண்டு குப்பிகளும் ஒரு நீலப் பேனாவும்

காலையில் எழுந்து பார்த்தபோது பதினொரு குப்பிகள் நீலமாக இருந்தன. பன்னிரண்டாவது பழுப்புக் கண்ணாடி பாட்டில் என்பதால் அது என்ன நிறம் என்று தெரியவில்லை. ஆனால் அதற்கு மட்டும் என்ன தனிச் சலுகை கிடைத்திருக்கப் போகிறது?

அச்சாபீசு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அச்சாபீசு என்பது அவளுக்கு வகுப்பில் வைத்த பெயர். பத்து வயது. கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். போட்டியில் இரண்டு கோப்பை வாங்கியிருக்கிறாள். அந்தப் பெருமைதான் இன்று அவள் காலை வாரிவிட்டது.

அம்மா காட்டில் பூச்சிகளைக் கணக்கெடுப்பவள். எல்லாப் பூச்சியும் இல்லை. ‘ஹார்வெஸ்ட்மேன்’ என்று புத்தகத்தில் பெயர் போட்ட ஒரு பிராணி. வீட்டில் அதற்கு ‘நெட்டைக்காலன்’ என்று பெயர். பார்த்தால் சிலந்தி என்றுதான் சொல்வீர்கள். சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும். சிலந்திக்கு இடுப்பு உண்டு, இதற்குக் கிடையாது. இது வலையும் பின்னாது. மிளகு அளவு உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத நீளத்தில் எட்டுக் கால்.

பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் ஒரு மாதம் போய்வர அம்மாவுக்கு அனுமதி கிடைத்திருந்தது. கயிறு கட்டிப் பன்னிரண்டு சதுரக் கட்டங்கள் பிரித்து, ஒவ்வொன்றிலும் இலைகளைப் புரட்டி, கிடைத்த நெட்டைக்காலன்களை ஸ்பிரிட் ஊற்றிய குப்பியில் போட்டிருந்தாள். குப்பிக்குள்ளேயே ஒரு சின்னச் சீட்டு. எந்தக் கட்டம், என்ன தேதி என்று பென்சிலில் எழுதியிருந்தது.

அதை எழுத்து என்று சொல்வது பெரிய மனசு. எறும்பு சேற்றில் விழுந்து நடந்த மாதிரி இருந்தது.

“இதையெல்லாம் கொஞ்சம் அடுக்கி வை,” என்றுதான் அம்மா நேற்றுச் சொன்னாள். அச்சாபீசு அதோடு நிறுத்தினாளா? அப்பாவின் இடுக்கியால் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, புதுச் சீட்டில், புது நீலப் பேனாவால், கோப்பை வாங்கிய கையெழுத்தில் எழுதிப் போட்டாள். பழைய சீட்டுகள் குப்பைக்கூடைக்குப் போயின. காலையில் குப்பை வண்டியும் வந்து போய்விட்டது.

இப்போது மை முழுவதும் ஸ்பிரிட்டில் கரைந்து, சீட்டுகள் ஓர் எழுத்துகூட இல்லாமல் மிதந்தன.

“அப்பா, இது போச்சா?”

அப்பா முன்னறையில் கடிகாரம் பழுது பார்ப்பவர். ஒரு கண்ணில் லென்ஸோடு வந்து குப்பிகளைப் பார்த்தார். பிறகு லென்ஸைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். இரண்டு விதமாகப் பார்த்தாலும் நீலம்தான்.

“பார்க்கலாம்,” என்றார்.

கடைக்கு வரும் எல்லோருக்கும் அவர் சொல்லும் பதில் அதுதான். ஓடும் கடிகாரத்துக்கும் பார்க்கலாம், ஓடாத கடிகாரத்துக்கும் பார்க்கலாம்.

அம்மா அலுவலகம் போயிருந்தாள். சாயங்காலம்தான் வருவாள். அச்சாபீசு, அம்மாவோடு காட்டுக்குப் போய்வந்த வனக்காவலருக்குப் போன் போட்டாள்.

“காவலர் மாமா, திரும்பக் காட்டுக்குப் போய் அதே கட்டத்துல பிடிச்சுட்டு வர முடியுமா?”

“ஏன், இருக்கறது பத்தலையா?”

அவள் நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் இருமல் சத்தம் கேட்டது. சிரிப்பாகவும் இருக்கலாம்.

“உங்கம்மா காதுல பென்சில் செருகிட்டுத் திரியறாங்களே, அழகுக்குன்னு நினைச்சியா? ஸ்பிரிட்ல பேனா நிக்காதும்மா. அனுமதி நேத்தோட முடிஞ்சுது. மழை வேற ஆரம்பிச்சாச்சு. இனி அடுத்த வருஷம்தான்.”

“அப்போ இது போச்சா?”

“நான் கண்டேனா? உங்கம்மாவைத்தான் கேக்கணும்.”

இந்த ஊரில் கேட்ட கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்வதில்லை என்று தீர்மானித்து அவள் போனை வைத்தாள்.

எந்தக் கட்டத்தில் எந்த வகை இருக்கிறது என்பதுதான் அம்மாவின் வேலையே. கட்டம் தெரியாத குப்பி, முகவரி இல்லாத கடிதம். அழலாமா என்று யோசித்தாள். அழுவதற்கு மேசைப் பக்கம் திரும்பியபோது அம்மாவின் குறிப்பேடு கண்ணில் பட்டது.

ஒன்றாம் கட்டம், ஒன்பது. இரண்டாம் கட்டம், பதினான்கு. மூன்றாம் கட்டம், ஆறு. ஒவ்வொரு கட்டத்திலும் எந்தத் தேதியில் எத்தனை பிடித்தது என்று அதே சேற்று எறும்பு எழுத்தில் வரிசையாக இருந்தது.

“அப்பா, இடுக்கியும் லென்ஸும் வேணும். நீங்களும் வேணும்.”

அப்பா ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, முதல் குப்பியை ஒரு வெள்ளைத் தட்டில் மெதுவாக ஊற்றினார். கால்கள் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்தன. அவர் கால்களை எண்ணத் தொடங்கினார்.

“முப்பத்தெட்டு. எட்டால வகுத்தா...” அப்பா நின்றார். “நாலே முக்கால்.”

“நாலே முக்கால் நெட்டைக்காலனா?”

“கணக்கு அப்படித்தான் சொல்லுது.”

“அப்பா, ஆபத்துன்னா இது காலைக் கழட்டி விட்டுட்டு ஓடிடும்னு அம்மா சொல்லியிருக்காங்க. உடம்பை எண்ணுங்க.”

உடம்பு ஐந்து. குறிப்பேட்டில் ஐந்து உள்ள கட்டம் ஒன்றே ஒன்று, பன்னிரண்டாம் கட்டம். அச்சாபீசு பென்சிலைச் சீவி, சீட்டில் ‘கட்டம் 12’ என்று எழுதினாள். பென்சிலில் அவளுடைய எழுத்தும் கொஞ்சம் எறும்பு மாதிரிதான் வந்தது.

ஒவ்வொரு குப்பியையும் இரண்டு முறை எண்ணினார்கள். நடுவில் கடிகாரம் வாங்க ஒருவர் வந்தார். “பார்க்கலாம்,” என்று சொல்லி அனுப்பிவிட்டு அப்பா மீண்டும் தட்டுக்கு வந்தார். மதியத்துக்கு மேல் ஒன்பது குப்பிகளுக்கு வீடு கிடைத்துவிட்டது.

பழுப்பு பாட்டிலோடு சேர்த்து மீதி மூன்று. மூன்றிலும் ஆறு ஆறு. குறிப்பேட்டிலும் மூன்று கட்டங்களில் ஆறு: மூன்று, எட்டு, பதினொன்று.

மறுபடியும் போன்.

“மாமா, அந்தப் பழுப்பு பாட்டில் மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?”

“அதுவா? ஓடைக்கரைக்குப் போனப்போ குப்பி தீர்ந்துபோச்சு. என் இருமல் மருந்து காலி பாட்டிலைக் கழுவித் தந்தேன். ஓடைக்கரை பதினொண்ணாவது கட்டம். நல்லா ஞாபகம் இருக்கு, அன்னைக்குத்தான் வழுக்கி விழுந்தேன்.”

“மத்த ரெண்டு? மூணும் எட்டும்?”

“மூணாவதுல கிடைச்சது கொஞ்சம் கறுப்பா இருந்த மாதிரி...”

“மாதிரியா, நிச்சயமாவா?”

மறுமுனையில் மறுபடியும் இருமல். “மாதிரிதாம்மா.”

அச்சாபீசு இரண்டு குப்பிகளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இதில் கொஞ்சம் கறுப்பு. அதிலும் கொஞ்சம் கறுப்பு. ஏற்கெனவே நீலத்தில் ஊறியது வேறு.

“ஏதாவது ஒண்ணுல மூணுன்னு எழுதேன்,” என்றார் அப்பா. “சரியா இருக்கப் பாதி வாய்ப்பு இருக்கே.”

அவளுக்கும் கை துறுதுறுத்தது. எழுதிவிட்டால் பன்னிரண்டும் முடிந்தது. அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. பென்சில் முனை சீட்டைத் தொட்டது. அப்புறம் நின்றது.

“அப்பா, பாதி நேரம் சரியா காட்டற கடிகாரத்தை நீங்க ரிப்பேர் பண்ணிக் கொடுத்தா வாங்கிப்பாங்களா?”

அப்பா கன்னத்தைச் சொறிந்தார். “பார்க்...” என்று தொடங்கி, “மாட்டாங்க,” என்று முடித்தார்.

அச்சாபீசு இரண்டு சீட்டிலும் ஒரே வரியை எழுதினாள்: ‘3 அல்லது 8. எது என்று தெரியாது.’

சாயங்காலம் அம்மா வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே மேசையைப் பார்த்துவிட்டாள். அச்சாபீசு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். பேனா, குப்பைக்கூடை, நாலே முக்கால், இருமல் மருந்து. குப்பை வண்டியைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

அம்மா ஒவ்வொரு குப்பியாக விளக்குக்கு அடியில் தூக்கிப் பார்த்தாள். குறிப்பேட்டைப் புரட்டினாள். கடைசி இரண்டு சீட்டுகளை வெகு நேரம் படித்தாள்.

“பரவாயில்லை,” என்றாள்.

“பரவாயில்லைன்னா போச்சா, போகலையா?”

“மத்தியானம் சாப்பிட்டியா?”

“அம்மா. காலைலேர்ந்து கேக்கறேன். அப்பா பார்க்கலாம்கறார். மாமா உன்னைக் கேளுங்கறார். போச்சா?”

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு நேராக உட்கார்ந்தாள். காதில் இருந்த பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“ரெண்டு குப்பி போச்சு. மூணாவது கட்டமும் எட்டாவது கட்டமும் இந்த வருஷப் பட்டியல்ல காலியாத்தான் இருக்கும். எனக்கு வருத்தம்தான். பத்து குப்பி பிழைச்சுது. நீ அந்த ரெண்டுலயும் குத்துமதிப்பா எழுதி வெச்சிருந்தா, என்னைக்காவது எனக்குத் தெரிஞ்சிருக்கும். அப்போ பன்னெண்டும் போயிருக்கும். எதை நம்பறதுன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

அச்சாபீசு தலையாட்டினாள். வருத்தமான பதில்தான். ஆனாலும் காலையிலிருந்து கேட்டதற்கு முதல் முறையாக ஒரு பதில்.

“நேராச் சொல்லிட்டேனா?” என்றாள் அம்மா. “இப்போ நீ சொல்லு. மத்தியானம் சாப்பிட்டியா?”

“இல்லை,” என்றாள் அச்சாபீசு. “அப்பாவும் சாப்பிடலை.”