கணக்கில் வராத நூறு வாட்

காலையில் பல் துலக்கியதும் கதவைத் திறந்து சூட்டுப்பலகையைப் பார்ப்பது மூன்றாம் கட்டடத்தில் எல்லோருக்கும் வழக்கம். காப்பி அதற்குப் பிறகுதான். செவ்வாயின் வட சமவெளியில், தரைக்கு அடியில் ஆறு மாடிகளாக இறங்கும் கட்டடம் அது. வெளியே மைனஸ் எண்பது டிகிரி. ஊருக்குப் பொதுவான உலையில் காய்ந்த வெந்நீர், குழாய் வழியாக ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் சுற்றிவிட்டு ஆறி வெளியே வரும். எவ்வளவு ஆறியது என்பதை வாசலில் இருக்கும் சூட்டளவி கணக்கிடும். முந்தின நாள் எந்த வீடு எவ்வளவு சூடு குடித்தது என்று பலகை காட்டும். பச்சை என்றால் சிக்கனம். சிவப்பு என்றால் ஊதாரி. பெண் பார்க்க வருகிறவர்கள்கூடப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் தட்டுவார்கள்.

முப்பத்தொன்றாம் வீடு மூன்று வருடமாகப் பச்சை. இருநூற்று இருபத்தைந்து வாட். கட்டடத்திலேயே அதுதான் குறைவு. அமலனுக்கு அதில் பெருமை. சூட்டுத் திருகைப் பதினெட்டு டிகிரியில் நிறுத்தி, அந்த இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறியிருந்தான். அறை பதினெட்டுக்குக் கீழே இறங்கினால் குழாய் தானாகத் திறக்கும், ஏறினால் மூடிக்கொள்ளும்.

அவன் மனைவி ஜெசிந்தாவுக்கு எப்போதும் குளிரும். அவ்வப்போது திருகை இருபதுக்கு நகர்த்துவாள். அவன் மறுபடி கோட்டுக்குக் கொண்டுவருவான்.

"ஸ்வெட்டரப் போடு. உன்னால நாம செவப்புக்குப் போகணுமா?"

"பலகையவே கட்டிக்கிட்டுப் படுத்துக்கோங்க" என்பாள்.

வேலை முடிந்து வந்ததும் அவன் கழுத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் வைப்பாள். ஐஸ் போல இருக்கும். அவன் தட்டிவிடுவான்.

உணவுப்பாசி வளர்க்கும் கூடத்தில் அவளுக்குக் காலை எட்டு முதல் பகல் இரண்டு வரை வேலை. அமலனுக்கு வேலை வீட்டுக்குள்ளேயே. அங்கே நடந்த ஒரு விபத்தில் இறந்துபோனாள். அடக்கம் முடிந்த மறுநாள் முப்பத்தொன்றாம் வீடு சிவப்பாயிற்று. முந்நூறு வாட். அமலன் திருகைத் தொடவில்லை. முள் கோட்டின் மேலேயே இருந்தது. அதற்கடுத்த நாளும் முந்நூறு.

நாற்பதாம் நாள் கட்டடப் பொறுப்பாளர் தேவகிருபை வந்தாள். அவளுக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை என்பது அவள் உட்காராமல் நின்றதில் தெரிந்தது.

"தம்பி, ஐம்பது நாள் செவப்புல இருந்தா வீட்ட எடுத்துருவாங்க. தனி ஆளுக்கு வீடே கிடையாதுங்கிறாங்க. பொதுக்கூடத்துல ஒரு கட்டில்தான். உனக்குத் தெரியும்லா."

"தெரியும்க்கா."

"அப்ப கொஞ்சம் கொறச்சுக்கயேன்."

"நான் எதுவும் கூட்டலக்கா."

பொதுக்கூடம் மோசமான இடம் இல்லை. ஆனால் இந்த வீட்டில் காற்றுத்துளையின் மூடி அதிராமலிருக்க ஜெசிந்தா செருகிய கொண்டை ஊசி இன்னும் அப்படியே இருந்தது. வேறு எங்கேயும் அது இருக்கப்போவதில்லை. சூட்டளவி பழுது என்று அமலன் மனுக் கொடுத்தான்.

சோதகர் முத்துராசு இரண்டு நாள் கழித்து வந்தார். அளவியைக் கழற்றினார், மாட்டினார், மூன்று வருடப் பதிவுகளைக் கையகலத் திரையில் ஓட்டினார். பிறகு அமலனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அளவி சரியாத்தான் இருக்கு. உங்க பழைய கணக்குதான் இடிக்குது. இப்ப நாள் முழுக்க முந்நூறு. முன்னால எப்படிக் கம்மியா ஓட்டுனீங்க?"

"சிக்கனமா இருந்தோம்."

"சிக்கனம் காலைல எட்டு மணிக்கு வெளிய போயிட்டு ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வருமா?"

அமலனுக்குப் புரியவில்லை. முத்துராசு திரையை அவன் பக்கம் திருப்பினார்.

"எட்டுல இருந்து ரெண்டு வரைக்கும் அப்பவும் முந்நூறுதான். மத்த நேரம் இருநூறு. ஞாயித்துக்கெழம முழுக்க இருநூறு. திருட்டு ஹீட்டர் ஒண்ணு வச்சிருந்திருக்கீங்க. நூறு வாட். நாப்பது நாளா அது ஓடல. எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க, அதச் சொல்லுங்க."

முத்துராசு படித்தவர்தான். ஆனால் அந்த ஊரில் யாருக்கும் ஆள் உடம்பையும் ஒரு சூடாக எண்ணிப் பழக்கமில்லை. எல்லோரும் தூத்துக்குடிப் புழுக்கத்திலிருந்து கிளம்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். பக்கத்தில் ஆள் வந்து உட்கார்ந்தால் விசிறியைத் தேடிய பரம்பரை. தனி ஆள் யாரும் வீட்டில் வசித்ததில்லை என்பதால் சூட்டளவிகளும் அதுவரை காட்டிக்கொடுக்கவில்லை.

அமலன் திரையை வெகுநேரம் பார்த்தான். ஒரு செவ்வாய்க்கிழமை கோடு பகல் பதினொரு மணிக்கே இருநூறுக்கு இறங்கியிருந்தது. காய்ச்சல் என்று அவள் பாதியில் திரும்பி வந்த நாள். அன்று திருகை இருபதில் வைத்திருந்தாள். அவன் கோட்டுக்கு இறக்கினான்.

"ஹீட்டர் இல்ல" என்றான். "என் வீட்டுக்காரி."

முத்துராசு திரையை அணைத்தார். கொஞ்ச நேரம் கருவிகளைப் பைக்குள் அடுக்கினார். அடுக்கியதையே மறுபடியும் அடுக்கினார்.

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி" என்றார்.

"எனக்கும்தான்."

ஊர்க்குழு கூடியது. நாற்பத்தொன்பதாம் நாள் தேவகிருபை முடிவைச் சொல்ல வந்தாள். இந்த முறை உட்கார்ந்தாள்.

"வீடு உனக்குத்தான் தம்பி. ஒத்த ஆள் வீட்டுக்கு முந்நூறு வரைக்கும் பச்சைன்னு மாத்திட்டாங்க. அப்புறம் புதுசா ஒண்ணு. இனிமே ஆளு தர்ற சூட்டையும் அளக்கப் போறாங்க. எல்லாருக்கும் கையில ஒரு பட்டை."

"அது எதுக்கு?"

"நீதான கூட்டத்துல சொன்ன, அவ குடுத்தது கணக்குலயே வரலன்னு."

"அளக்கச் சொல்லலக்கா" என்றான் அமலன்.

அடுத்த வாரம் சூட்டுப்பலகையில் இரண்டு புது வரிசைகள் வந்தன. தந்தது. பெற்றவர். அன்று காலை யார் வீட்டிலும் காப்பி போடவில்லை. நடைவழி நிறையச் சனம். பன்னிரண்டாம் வீட்டுக்காரர் மனைவியிடம் கை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"பாரு, நூத்திப்பத்து நான் தந்திருக்கேன். நீ எம்பதுதான். நேத்து எதுக்குச் சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்த?"

"அப்ப இன்னைல இருந்து நடுவுல தலகாணி. அந்த முப்பதக் கேட்டு நீங்க வரவும் வேண்டாம், நான் தரவும் வேண்டாம்."

மாமியார் ஒருத்தி மருமகளின் எண்ணை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். இரண்டு பேர் பட்டையைக் கழற்றித் தேய்த்துப் பார்த்து மறுபடி மாட்டிக்கொண்டார்கள்.

அமலன் எல்லோரும் போகும்வரை காத்திருந்து பலகையருகே போனான். முப்பத்தொன்றாம் வீடு பச்சையில் இருந்தது. தந்தது: தொண்ணூற்றைந்து. பெற்றவர் என்ற இடத்தில் ஒரு சிறிய கோடு மட்டும், ஆணியால் கீறியது போல.