உத்தரத்து வெள்ளைக் காகிதம்

சியோலிலிருந்து கிளம்பி, ஆந்தோங் ஊருக்கு அப்பால் மலையடியில் இருந்த அந்த வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. என் கணவர் கிஜுன் பழைய வீடுகளை மட்டுமே படம் எடுப்பவர். நான் அவருக்கு லைட் பிடிப்பவள். கறுத்த ஓடுகள், ஓரத்தில் லேசாக மேல்நோக்கி வளைந்த கூரை, கதவுச் சட்டங்களில் ஒட்டியிருந்த காகிதத்தில் தேன் நிற வெயில். எத்தனையோ வீடு பார்த்த நானே லைட்டைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்தேன்.

கூடத்துக் கதவுகளை மேலே தூக்கிக் கொக்கிகளில் மாட்டிவிட்டு, வீட்டுக்காரர் பங், தோட்டத்தில் சீமைப் பனிச்சைப் பழம் பறிக்கக் கிளம்பினார்.

"எங்க வேணாலும் படம் எடுங்க. உத்தரத்துல கட்டியிருக்கிற அந்தக் காகிதப் பொட்டலத்தை மட்டும் தொட்டுடாதீங்க. அதுதான் எங்க வீட்டுச் சாமி."

அவர் தலை மறைந்ததும் கிஜுன் ஏணியை இழுத்தார். வெள்ளைக் காகிதம் பளபளத்துப் படத்தைக் கெடுக்கிறதாம்.

"ஏங்க, அப்புறமா கம்ப்யூட்டர்ல அழிச்சிக்கலாமே?"

"என் படத்துல ஒரு புள்ளியைக்கூட நான் மாத்தினதில்லை, ஏரின். புதுசா கேக்குறே? போய் லைட்டைப் பிடிடி."

படத்தைத் தொடமாட்டாராம், வீட்டைத் தொடுவாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு முற்றத்தில் இறங்கி நின்றேன். அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

காகிதம் கிழிந்தது. உள்ளே இருந்த பழைய அரிசி பொலபொலவென்று தரையில் கொட்டியது.

எங்கிருந்தோ பச்சை ரத்த வாடை வந்தது.

கதவுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் கொக்கியை விட்டு விழுந்து, அறைந்து மூடின.

உள்ளே ஏணி முறிந்தது.

அடுத்து முறிந்தது மரமில்லை.

கதவுக் காகிதத்தில் அவர் நிழல் தெரிந்தது. பிடிக்க ஆளில்லாமலே மேலே எழும்பி, உத்தரத்தில் மோதித் தரையில் விழுந்தது. மறுபடி எழும்பியது. மறுபடி விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் காகிதத்தில் சிவப்பு தெறித்தது. நான் அதைக் கிழித்துச் சட்டங்களுக்கு நடுவே கையை விட்டேன். அவர் விரல்கள் என் கையைப் பற்றின.

"விட்டுடாதடி..."

ஏதோ ஒன்று அவரை வெடுக்கென்று பின்னால் இழுத்தது. அவருடைய மூன்று நகங்கள் என் உள்ளங்கையில் குத்தி நின்றன.

நான் மண்ணில் நெற்றியை மோதிக்கொண்டு கதறினேன். "தப்புதான் சாமி! என்ன வேணாலும் எடுத்துக்க. என் மனுஷனை மட்டும் வெளிய விட்டுடு!"

சத்தம் நின்றது.

ஒரு கதவு மெல்லத் திறந்தது. அவர் உடம்பு உருண்டு என் காலடியில் வந்து விழுந்தது. மூச்சு இருந்தது.

பதினோரு எலும்புகள் உடைந்திருந்தன. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, சியோலில் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவர் கோபப்படவே இல்லை. கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பிழைத்ததே போதும் என்றிருந்தேன்.

நேற்று மதியம் ஈரத்துணியால் அவர் நெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தேன். விலா எலும்புகளுக்குள் டொக்கென்று கேட்டது.

காதை வைத்தேன்.

"ஏரின், கதவைத் திறடி." கிஜுனின் குரல்தான். வெகு தூரத்திலிருந்து வந்தது. "என்னை இன்னும் அடிக்குதுடி."

படுத்திருந்தவர் கண் திறந்து, என் தலையை மெல்ல விலக்கினார். பதினாறு வருஷத்தில் அவர் என்னிடம் ஒருமுறைகூட மரியாதை போட்டுப் பேசியதில்லை.

"காதுல வாங்கிக்காதீங்கம்மா," என்றார். "சீக்கிரம் அடங்கிடும்."